நல்ல பிள்ளை என்று எழுதியிருந்தேன்

பயிற்சியில் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்து நான்கு வயது. மழலையர் வகுப்பில் அதற்குள் பதினெட்டு வருடம் நின்றாகிவிட்டது. எங்கள் பள்ளி புதுச்சேரி டவுனுக்குள், வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய வீட்டில் நடந்தது. உயரமான ஜன்னல்கள், பெரிய முற்றம், மூன்று வகுப்புகள். ஒரு நாள் பள்ளி நிர்வாகி எங்களைக் கூப்பிட்டு, "அடுத்த ஜூன்லேர்ந்து சர்டிபிகேட் இல்லாதவங்கள கிளாஸ்ல நிக்க வைக்க முடியாதும்மா. மேலேர்ந்து கேக்கறாங்க. இருக்கணும்னா ஆயா வேலையிலதான் இருக்கலாம்" என்று சொன்னார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. நாலு தெருவில் என்னிடம் படிக்காத பிள்ளை இல்லை. எனக்கு யார் என்ன கற்றுக்கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஆனாலும் சேர்ந்தேன். என்னோடு வேலை பார்த்த இன்னொரு டீச்சரும் சேர்ந்தாள். சனிக்கிழமைதோறும் வகுப்பு, ஒரு வருடம். கடைசியில் எழுத்துப் பரீட்சை கிடையாது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் தன் வேலையைக் காட்டுகிற ஒரு கோப்பைத் தயார் செய்ய வேண்டும். போர்ட்போலியோ என்று அதற்குப் பெயர். எங்கள் வாயில் முதல் மாதம் முழுக்க அது 'போலியோ'வாகத்தான் இருந்தது. "உன் போலியோ எந்த அளவுல இருக்கு?" என்று பஸ் ஸ்டாண்டில் அவள் சத்தமாகக் கேட்பாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் என் காலைப் பார்ப்பார்கள்.

கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன் என்று ஒரு கட்டுரை. ஒரு வாரத்துக்கான பாடத் திட்டம். வகுப்பறையின் படம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியல், பிள்ளைகளின் பெற்றோர் எழுதிக் கொடுக்கும் கருத்துப் படிவங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒரே குழந்தையை மூன்று மாதமாவது விடாமல் கவனித்து எழுதிய பதிவு.

மற்றவர்கள் அந்தப் பதிவை நினைத்துத்தான் பயந்தார்கள். எனக்குப் பயமே இல்லை. என்னிடம் வருடத்துக்கு ஒன்றாகப் பல நோட்டுகள் இருந்தன. பிள்ளைகள் பன்னிரண்டரைக்குப் போய்விடுவார்கள். மீன் விற்கப் போன அம்மாக்கள் வந்து சேர ஒன்று, ஒன்றேகால் ஆகிவிடும். அதுவரை மீதமிருக்கிற பிள்ளைகளோடு முற்றத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் அன்றைக்கு நடந்ததை எழுதிவைப்பது எப்போதோ தொடங்கிய பழக்கம். யாரும் கேட்டு எழுதியதில்லை.

எந்தக் குழந்தையை எடுப்பது என்று யோசிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. கொரோனாவுக்குப் பிறகு பள்ளி திறந்த வருடத்து நோட்டில் ஒரு பெண் குழந்தையைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருந்தேன். அவளுடைய அம்மா வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிறவர். எல்லாரையும்விடத் தாமதமாக வருவார். அதனால் தினமும் கடைசியில் நானும் அந்தப் பிள்ளையும் மட்டும் மிஞ்சுவோம். பாப்பா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். பெரிய கண்கள், எண்ணெய் வழியப் பின்னிய இரட்டைச் சடை. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, சமையலைக்கூட ஒதுக்கிவைத்துவிட்டு, நல்ல தாளில் அந்தப் பதிவைத் திருத்தமாக எழுதத் தொடங்கினேன்.

"பாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வகுப்பில் இவ்வளவு கவனமாகப் பார்க்கிற குழந்தை வேறு இல்லை."

"பாட்டுக்கு எல்லா அபிநயமும் சரியாகச் செய்கிறாள். பக்கத்துப் பிள்ளை செய்த பிறகுதான் செய்கிறாள். கூச்சம்."

"பின்னாலிருந்து நாலு முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. விளையாட்டில் இறங்கிவிட்டால் இவளுக்கு உலகமே தெரியாது."

"தெருவில் சவ ஊர்வலத்துக்கு வெடி போட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் அழுதன. பாப்பா திரும்பி மட்டும் பார்த்தாள். தைரியசாலி."

"மேலிடத்திலிருந்து ஆள் வருவதால் எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தோம். பாப்பா காலையிலிருந்து அழுகை. என் மாஸ்க்கைப் பிடித்து இழுக்கிறாள். இன்றைக்கு மட்டும் ஏனோ பிடிவாதம்."

எழுத எழுத எனக்கு என் மேலேயே ஒரு மதிப்பு வந்தது. இத்தனை பார்த்திருக்கிறேனே என்று. வருடக் கடைசி ரேங்க் கார்டில் அவளுக்கு என்ன எழுதினேன் என்பதும் அந்த நோட்டின் பின்னட்டையில் இருந்தது. "அமைதியான நல்ல பிள்ளை. யாருக்கும் தொந்தரவு தரமாட்டாள்."

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. எங்களுக்கு வகுப்பெடுத்த பயிற்சியாளர் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். முன்பு ஒரு ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். அன்றைக்குப் பாடம், குழந்தைகளிடம் எதையெல்லாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது. போர்டில் 'காது' என்று எழுதிக் கோடு போட்டுவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"பேசறவங்க முகத்தையே உத்துப் பாக்கும். பின்னாலேர்ந்து கூப்ட்டா திரும்பாது. தானா எதையும் ஆரம்பிக்காது, பக்கத்துப் புள்ளயப் பாத்துத்தான் செய்யும். கொரோனா நேரத்துல மாஸ்க் போட்ட ஆளுங்களப் பாத்து இந்தப் புள்ளைங்கதான் ரொம்ப அழுதுச்சுங்க. ஏன்னா, அதுங்களுக்கு வாயப் பாத்தாத்தான் பேச்சு. நாம என்ன சொல்லுவோம்? 'நல்ல புள்ள, தொந்தரவே பண்ணாது'ன்னு சொல்லுவோம்."

எல்லாரும் சிரித்துக்கொண்டே குறிப்பெடுத்தார்கள். என் நோட்டு என் பைக்குள்தான் இருந்தது. அதை நான் வெளியே எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இல்லை.

டீ குடிக்க விட்டபோது அவரிடம் போனேன். "மிஸ், வெடிச் சத்தத்துக்குத் திரும்பற புள்ளைக்குக் காது கேக்காம இருக்குமா?"

"இருக்கும்க்கா. மோளம், வெடி, கதவு சாத்தறது எல்லாம் கேக்கும். பேச்சுதான் கேக்காது. இல்லன்னா, துண்டு துண்டா விழும். அதனாலதான் வீட்ல கண்டுபிடிக்க மாட்டாங்க." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம மாதிரி கிளாஸ்ல இருக்கறவங்கதான்க்கா கண்டுபிடிக்கணும்" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது. பொதுவாகத்தான் சொன்னார்.

என் வீடு இருக்கிற தவளக்குப்பத்துக்குப் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. முருங்கப்பாக்கம் தாண்டியபோது எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அது எந்த நோட்டிலும் இல்லை. நான் அதை எழுதிவைக்கவில்லை.

அந்த வருடம் ஒரு நாள் பாப்பாவின் அம்மா வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடனே போகாமல் வாசலிலேயே நின்றார். மீன் கூடையை வெளியே தெருவில் வைத்துவிட்டு வந்திருந்தார். உள்ளே வாடை வரக் கூடாது என்று எப்போதும் அப்படித்தான் வைப்பார்.

"மிஸ், ஒண்ணு கேக்கணும். வூட்ல கூப்ட்டா பாப்பா திரும்பியே பாக்க மாட்டேங்குது. பேச்சும் சரியா வர்ல. 'மா', 'தா' அவ்ளோதான். எதுனா கோளாறா இருக்குமா?"

நான் சிரித்தேன். ஆறுதல் சொல்கிறோம் என்ற நினைப்பில்தான் சிரித்தேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. கொரோனாவுல வூட்டுக்குள்ளயே வளந்த புள்ளைங்க எல்லாமே இப்படித்தான் இருக்குதுங்க. பேச்சு லேட்டாதான் வரும். நம்ம கிளாஸ்லயே சொன்னத சரியா செய்யறது உங்க பாப்பாதான். தைரியமா போங்க."

அந்த அம்மாவின் முகம் எப்படித் தெளிந்தது என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "நீங்க சொன்னா சரி மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இரண்டு மாதம் நான் செய்தது ஒன்றுதான். அந்தப் பதிவைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, வேறொரு பிள்ளையைப் பற்றி எழுதினேன். நல்ல துறுதுறுப்பான பையன், எதைச் சொன்னாலும் கேள்வி கேட்பான். இருபது பக்கம் வந்தது. பயிற்சியாளர் அதைப் படித்துவிட்டு, மற்றவர்களுக்கும் காட்டினார். என்னோடு பயிற்சிக்கு வந்த டீச்சர் நேரு வீதியில் பளபளப்புத் தாளும் பூ ஒட்டிகளும் வாங்கிவந்து, தன் கோப்பின் ஓரத்தில் எல்லாம் ஒட்டினாள். மிச்சத்தை எனக்கும் கொடுத்தாள். நானும் ஒட்டினேன்.

பாப்பாவுக்கு ஒன்றும் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் பள்ளியை முடித்து அரசு தொடக்கப் பள்ளியில் சேர்ந்தவள். ஏதாவது என்றால் இதற்குள் காதில் விழுந்திருக்காதா? வைத்திக்குப்பம் பக்கம் போவதைத் தவிர்த்தேன். மீன் வாங்குவதைக்கூடத் தவளக்குப்பம் மார்க்கெட்டோடு வைத்துக்கொண்டேன். கோயிலில் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் ஒரு முறை சுற்றி வளைத்துச் சொன்னேன். தெரியாமல் செய்தது பாவமாகாது, கவலைப்படாதே என்று சாமியார் சொன்னார். வெளியே வந்து முழந்தாளிட்டபோது, தெரியாமல் செய்தேனா, கேட்டும் தெரிந்துகொள்ளாமல் செய்தேனா என்று எனக்கே விளங்கவில்லை.

கடைசியில் என்னை அங்கே போகவைத்தது அந்தக் கருத்துப் படிவம்தான். இப்போது படிக்கிற பிள்ளைகளின் வீட்டிலிருந்து பதினொன்று வாங்கியிருந்தேன். நம்மிடம் முடித்துவிட்டுப் போன பிள்ளையின் வீட்டிலிருந்தும் ஒன்று வேண்டும் என்று விதி. எத்தனையோ வீடு இருந்தது. அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யார் யாரையோ நினைத்துப் பார்த்தேன். ஒரு வியாழக்கிழமை பள்ளி வேலைகளை முடித்துச் சாயங்காலம் கிளம்பியபோது கால் தானாக வைத்திக்குப்பம் பக்கம் திரும்பியது.

வெயில் சாய்ந்திருந்தது. படகுகளைக் கரையில் ஏற்றிவைத்திருந்தார்கள். சந்து முனையில் பாப்பாவின் அம்மா ஒரு பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மீதமிருந்த சங்கரா மீன்களின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"மிஸ்! வாங்க, வாங்க. இன்னா இந்தப் பக்கம்? எளச்சிட்டீங்களே!" காலிச் சாக்கு ஒன்றை நாலாக மடித்து எனக்குப் போட்டார். உட்கார்ந்தேன்.

"பாப்பா எப்படிம்மா இருக்கா?"

தண்ணீர் தெளித்த கை நின்றது. "உங்களுக்குத் தெரியாதா மிஸ்?"

தெரியாது என்று தலையாட்டினேன். அது பாதி பொய்.

"பாப்பாவுக்குக் காது கேக்கல மிஸ். ரெண்டு காதும். ரெண்டாங் கிளாஸ் படிக்கறப்ப ஸ்கூலுக்கு டாக்டருங்க வந்து டெஸ்ட் பண்ணாங்க. அப்பதான் சொன்னாங்க. அதுவரைக்கும் அந்த டீச்சர் அத மக்குன்னு கடசி பெஞ்சுல ஒக்கார வச்சிருந்திருக்கு." அவர் குரலை உயர்த்தவில்லை. "பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போனேன். பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்னுட்டாங்க. எங்க தெருவுல நாங்கல்லாம் கத்தித்தான மிஸ் பேசுவோம். அதனால கொஞ்சம் கொஞ்சம் அதுக்கு விழுந்திருக்கு. நாங்களும் கேக்குதுன்னே நெனச்சிகினு இருந்துட்டோம்."

"இப்ப என்ன பண்றாங்க?"

"மிஷின் குடுத்திருக்காங்க. போட்டா தல வலிக்குதுன்னு கழட்டிப் போட்டுடுது. ஆறு வயசுக்குள்ள இட்டாந்திருந்தா ஆபரேசன் பண்ணிருக்கலாமாம். பேச்சும் வந்திருக்குமாம். இப்ப பண்ணாலும் பெரிசா பிரயோஜனம் இருக்காதுன்னு சொல்லிட்டாரு டாக்டரு."

நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை மறந்திருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"நான் உங்கள வந்து கேட்டேன்ல மிஸ்? ஒரு நாளு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப எங்க வூட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போவலாம்னுதான் சொல்லிகினு இருந்தாரு. நான்தான், மிஸ்ஸே சொல்லிட்டாங்க, அவங்களுக்குத் தெரியாததான்னு நிறுத்திப்புட்டேன். அத இப்பவும் சொல்லிக் காட்டுவாரு. குடிச்சிட்டு வந்தா கண்டிப்பா சொல்லுவாரு."

"என்ன மன்னிச்சிடுங்கம்மா. நான் அன்னிக்கே பாத்திருக்கணும். பாத்தேன், ஆனா புரிஞ்சிக்கல" என்றேன்.

ஒரு ஆள் வந்து மீன் விலை கேட்டான். விலை சொன்னார். அவன் போய்விட்டான். பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "மன்னிச்சி இன்னா பண்றது மிஸ்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கேள்வியாகக்கூட அதை அவர் கேட்கவில்லை.

அப்போது ஒரு வேன் வந்து ரோட்டோரம் நின்றது. காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியின் வேன். பாப்பா இறங்கி வந்தாள். ஒன்பது வயதுக்கு நல்ல உயரம். சடை ஒன்றாகியிருந்தது. அம்மாவின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றாள். பிறகு நேரே வந்து, என் முகத்துக்கு எதிரே குனிந்து, அன்றைக்குப் பார்த்த அதே மாதிரி என் வாயைப் பார்த்தாள். நான் எதுவும் பேசவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு அவளே வாயைத் திறந்து, "மீ..." என்றாள்.

"மிஸ்னு சொல்லுது" என்றார் அம்மா. "உங்கள மறக்கல பாருங்க."

கிளம்பும்போது படிவத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். அவர்தான் பார்த்துவிட்டு, "அது இன்னா பேப்பர் மிஸ்?" என்று கேட்டார். சொன்னேன். என்னைப் பற்றிப் பெற்றோர் எழுதித்தர வேண்டியது, எனக்கு சர்டிபிகேட் கிடைப்பதற்காக, நீங்கள் எழுத வேண்டாம் என்றேன். கையை நீட்டினார். "குடுங்க. எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். எழுதத் தெரியும்."

அடுத்த திங்கட்கிழமை தெரிந்த பிள்ளை ஒன்றிடம் அதைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். நாலாக மடித்து, மீன் செதில் ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்தது. 'ஆசிரியர் உங்கள் குழந்தையிடம் அன்பாக நடந்துகொண்டாரா?' என்ற கேள்விக்கு நேராக, 'ஆமாம். அடிச்சதில்லை. தூக்கி வச்சிருப்பாங்க' என்று எழுதியிருந்தது. 'குழந்தையின் வளர்ச்சியைப் பற்றி உங்களோடு பேசுவாரா?' என்ற கேள்விக்குக் கீழே, எழுத்துக்கூட்டி எழுதிய இரண்டு வரி. 'நான் ஒரு தடவ கேட்டேன். மிஸ் காதுல வாங்கல.'

மதியம் பிள்ளைகள் போன பிறகு அந்தத் தாளோடு முற்றத்தில் உட்கார்ந்தேன். என்னோடு பயிற்சிக்கு வந்த டீச்சர் வாங்கிப் படித்தாள். "இத வைக்காத" என்றாள். "பதினோரு நல்ல படிவம் இருக்கு. பழைய புள்ளைங்க யார்கிட்டயாவது இன்னொண்ணு வாங்கிக்க. இத வச்சா உன்ன எடுத்துடுவாங்க. பதினெட்டு வருசம் போயிடும்."

"பாப்பா பேச்சு போயிடுச்சே" என்றேன்.

"நீயா எடுத்த? அது பொறவியிலயே வந்தது." அவள் சொன்னதும் உண்மைதான். என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். நீ என்ன டாக்டரா என்று கேட்டார். எல்லாரும் எனக்கு நியாயம் சொன்னார்கள். அந்த நியாயம் எதுவும் என்னிடம் வந்து நிற்கவில்லை.

அந்தத் துறுதுறுப் பையனின் இருபது பக்கத்தைக் கோப்பிலிருந்து கழற்றினேன். பாப்பாவின் நோட்டை மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு நாளும் நான் எழுதியதை அப்படியே ஒரு பக்கத்தில் எழுதினேன். எதிர்ப்பக்கத்தில், அன்றைக்கு நான் என்ன பார்த்திருக்க வேண்டும், என்ன செய்திருக்க வேண்டும் என்று எழுதினேன். பூ ஒட்டி எதுவும் ஒட்டவில்லை. அவள் பெயரையும் எழுதவில்லை. நான் எழுதவா என்று கேட்கப் போனபோது, "எழுதிக்குங்க, பேரு மட்டும் வாணாம். நாளைக்கு அதுக்குக் கல்யாணம் காச்சி இருக்கு" என்று அம்மா சொல்லியிருந்தார். வெடி போட்ட நாளுக்கு எதிர்ப்பக்கம் எழுதியபோது மட்டும் என்னால் முடியவில்லை. 'தைரியசாலி' என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ஒரு பக்கம் காலியாகவே இருக்கிறது.

கோப்பைப் பார்க்க வெளியூரிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். வயதானவர், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் படித்தார். பயிற்சியாளரும் பக்கத்தில் இருந்தார். பாப்பாவைப் பற்றிய பதிவை அந்த அம்மா முழுவதும் படித்தார். வெளியே அடுத்த ஆட்கள் காத்திருந்தார்கள். காலியாக இருந்த பக்கத்தில் நிறுத்தினார். எதுவும் கேட்காமல் புரட்டினார். பிறகு அந்தப் படிவம் வந்தது.

"இந்தப் படிவத்தை வைக்கணும்னு கட்டாயமில்லையே. வேற ஒருத்தர்கிட்ட வாங்கியிருக்கலாமே?"

"வாங்கியிருக்கலாம் மேடம்."

"பின்ன ஏன் வச்சீங்க?"

இதற்கு ஒரு பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஆசிரியர் பொறுப்பு, பெற்றோரின் குரல் என்றெல்லாம். அது ஒன்றும் வாயில் வரவில்லை. "அவங்க எழுதிக் குடுத்தாங்க மேடம்" என்றேன்.

பயிற்சியாளர் தலையைக் குனிந்துகொண்டார். வெடிச் சத்தத்தைப் பற்றி நான் கேட்டது அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடுத்த பக்கத்துக்குப் போய், முதலுதவிப் பெட்டியில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவ்வளவுதான்.

தேறிவிட்டேன். சர்டிபிகேட்டைப் பள்ளியில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார்கள். மற்றவர்களுடையது மாட்டியிருக்கிறது. என்னுடையதை வீட்டு பீரோவில் வைத்துவிட்டேன், கேட்டால் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூனில் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். இப்போதெல்லாம் ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிப் பார்க்கிறேன். இதுவரை இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஒரு பிள்ளைக்குக் காதில் அழுக்கு அடைத்திருந்தது, எடுத்ததும் சரியாகிவிட்டது. இன்னொரு பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. அவனுடைய அப்பா வந்து, "எம் பையன செவுடுன்றியா?" என்று முற்றத்தில் நின்று கத்தினார். கத்தட்டும் என்று நின்றேன். இல்லை என்று தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆடி மாதம் வீராம்பட்டினத்தில் தேர். நாங்கள் மாதா கோயில்காரர்கள்தான், ஆனாலும் பக்கத்து ஊர்த் தேருக்குப் போகாமல் இருந்ததில்லை. கூட்டத்தில் வளையல் கடை ஓரமாகப் பாப்பாவின் அம்மாவைப் பார்த்தேன். அவரும் பார்த்துவிட்டார். போகவா வேண்டாமா என்று நான் தயங்கியபோது, கூட்டமே என்னை அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

பாப்பா எங்களுக்கு முன்னால் நின்றிருந்தாள். அவளோடு அதே வயதில் இன்னொரு பெண். அவள் பள்ளித் தோழியாம். இரண்டு பேரும் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை வேகமாக விரல்கள் போகும் என்று நான் நினைத்ததே இல்லை. பாப்பா எதையோ சொன்னாள். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாப்பா மறுபடி சொன்னாள், புருவத்தைத் தூக்கி, கன்னத்தை உப்பி, யாரோ ஒருவரைப் போல நடித்துக் காட்டினாள். என் வகுப்பில் இருந்த வருடம் முழுக்க அவள் இப்படி ஒரு கதை சொல்லி நான் பார்த்ததில்லை.

"நாளெல்லாம் இப்படித்தான் பேசிக்குதுங்க" என்றார் அம்மா, அவர்களைப் பார்த்துக்கொண்டே. "இன்னா பேசுதுங்கன்னு எனக்கு ஒண்ணும் தெரியல மிஸ். சோறு, தண்ணி, தூக்கம், அது மட்டுந்தான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல அது எதுனா சொன்னா, நான் சும்மா தலையாட்டுவேன். நான் சும்மா ஆட்டுறேன்னு அதுக்குத் தெரிஞ்சிடும். கோவிச்சிக்கினு போயிடும்."

"அந்த ஸ்கூல்ல அம்மாக்களுக்குச் சொல்லித் தருவாங்களாமே?"

"சனிக்கெழம சனிக்கெழம தர்றாங்களாம். யாவாரம் வுட்டுட்டு எங்க போறது."

தேர் நகர்ந்தது. மேளம் பக்கத்தில் வந்ததும் பேச முடியாமல் போயிற்று. இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பேசத் தொடங்கினார்கள். நாங்கள் இரண்டு பேரும் அவர்கள் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.